டிக்கெட்டோடு சேர்த்து விற்கும் கார்பன் ஆஃப்செட்: வாங்கலாமா?

கேட்டவர் சென்னையில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். மகள் லண்டனில் இருக்கிறாள். வருடத்துக்கு ஒரு முறை அவரும் மனைவியும் போய் வருகிறார்கள். நடுவில் கோவைக்கும் மதுரைக்கும் விமானத்தில் போவதுண்டு. டிக்கெட் எடுக்கும்போது, பணம் கட்டுவதற்குச் சற்று முன் வரும் திரையில், ‘இன்னும் சில நூறு ரூபாய் சேர்த்தால் உங்கள் பயணத்தின் கார்பனை ஈடுகட்டிவிடுகிறோம்’ என்று ஒரு கட்டம் தெரிகிறது. பச்சை நிறத்தில் ஓர் இலைப் படம் வேறு. அதை டிக் செய்வதில் பயன் உண்டா, அல்லது மனத் திருப்தி மட்டும்தானா என்பது அவருடைய கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சார். அந்தக் கட்டத்தை டிக் செய்ய வேண்டாம். ஆனால் அதைப் பார்த்ததும் உங்களுக்கு ஓர் உறுத்தல் வந்ததே, அது நியாயமானது. அதற்குச் செய்யக்கூடியவை இருக்கின்றன. எவை என்று புரிய வேண்டுமானால், அந்தச் சில நூறு ரூபாய் எங்கே போகிறது, அங்கே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் உங்கள் பயணத்தின் கணக்கு. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். எரிபொருளில் உள்ள கார்பன் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்வதால் எடை மூன்று மடங்காகிறது. சென்னையிலிருந்து லண்டன் ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர். இந்தத் தூரம் பறக்கும் இரட்டை எஞ்சின் பெரிய விமானம் ஒன்று மணிக்குச் சுமார் 5 டன் எரிபொருள் குடிக்கும். பத்து, பத்தரை மணி நேரப் பயணத்துக்கு 50 டன்னுக்கு மேல் ஆகிறது. அதிலிருந்து வருவது 160 டன்னை ஒட்டிய கார்பன் டை ஆக்சைடு. சரக்குக்கான பங்கைக் கழித்து, மீதியைப் பயணிகளுக்குப் பிரித்தால், எகானமி இருக்கைக்கு ஒரு வழிக்கு 600 முதல் 700 கிலோ வரும். போய்வர ஒருவருக்கு 1.3 டன் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இருவரும் சேர்ந்தால் 2.6 டன்.

இந்த எண்ணின் அளவு புரிய ஓர் ஒப்பீடு போதும். இந்தியாவில் ஒருவரின் பங்குக்கு வரும் மொத்த கார்பன் டை ஆக்சைடு, அதாவது மின்சாரம், சிமென்ட், பைக், பஸ் எல்லாம் சேர்த்து, ஆண்டுக்கு 2 டன் அளவில்தான் இருக்கிறது. ஒரே ஒரு லண்டன் பயணம் அதில் பாதிக்கு மேல் தின்றுவிடுகிறது. பிசினஸ் வகுப்பில் போனால் இருக்கை பிடிக்கும் இடத்தின் கணக்குப்படி இது கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

இது கார்பன் டை ஆக்சைடு மட்டும். விமானம் 10, 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும்போது பின்னால் வெள்ளைக் கோடு விடுகிறது, பார்த்திருப்பீர்கள். காற்று ஈரமாகவும் கடுங்குளிராகவும் இருந்தால் அந்தக் கோடு கலையாமல் பரவி, மெல்லிய மேகமாகிவிடும். பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தை அது தடுக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளின் விளைவு தனி. 2021-இல் வந்த விரிவான ஓர் ஆய்வின்படி, விமானப் போக்குவரத்து இதுவரை உண்டாக்கியிருக்கும் வெப்பமேற்றும் விளைவில் மூன்றில் இரண்டு பங்கு இப்படிப்பட்ட, கார்பன் டை ஆக்சைடு அல்லாத காரணங்களால் வருவது. அதற்காக எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கிவிட முடியாது. மேகம் சில மணி நேரத்தில் கலைந்துவிடும், கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதி ஆயிரம் ஆண்டு தாண்டியும் காற்றில் நிற்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது கடினம். பிரிட்டன் அரசு தன் கணக்கில் 1.7 ஆல் பெருக்கச் சொல்கிறது. டிக்கெட் பக்கத்தில் வரும் கட்டங்கள் பெரும்பாலும் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இப்போது விலைக்கு வருவோம். இதில்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது, உங்களுக்கும் வரும். ஒரு டன் புகையைக் குறைத்ததாகக் கொடுக்கும் சான்றுக்குக் கார்பன் கிரெடிட் என்று பெயர். சட்டக் கட்டாயம் இல்லாமல் விரும்பி வாங்குபவர்களின் தன்னார்வச் சந்தையில் 2022-இல் அதன் சராசரி விலை 7 டாலர் சொச்சம். உங்கள் 1.3 டன்னுக்கு அது எழுநூறு, எண்ணூறு ரூபாய். அதே ஒரு டன் காற்றில் கலந்தால் உலகத்துக்கு ஏற்படும் சேதத்தை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2023-இல் 190 டாலர் என்று மதிப்பிட்டது. அந்த விலையில் உங்கள் ஒருவரின் பயணத்துக்கு இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். ஐஸ்லாந்தில் கிளைம்வொர்க்ஸ் என்ற நிறுவனம் காற்றிலிருந்தே கார்பன் டை ஆக்சைடைப் பிரித்து, தண்ணீரில் கரைத்து, எரிமலைப் பாறைக்குள் செலுத்திக் கல்லாக்குகிறது. போன கார்பனைத் திரும்ப எடுத்துப் பூட்டி வைப்பது என்று சொன்னால் அதுதான் நேரடிப் பொருளில் உண்மை. அதற்குத் தனிநபரிடம் வாங்கும் விலை டன்னுக்கு ஆயிரம் டாலரை ஒட்டி. உங்கள் பயணத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல். ஒரே பொருள், ஒரு கடையில் எண்ணூறு ரூபாய், இன்னொரு கடையில் ஒரு லட்சம் என்றால், இரண்டும் ஒரே பொருளாக இருக்க முடியாது.

எண்ணூறு ரூபாய்க்கு விற்பது பெரும்பாலும் ஒரு வாக்குறுதி. ‘இன்னொரு இடத்தில் வெளிவந்திருக்க வேண்டிய ஒரு டன், உங்கள் பணத்தால் வெளிவராமல் போயிற்று’ என்பதே அது. வெளிவந்த புகையை அளக்கலாம். வெளிவந்திருக்கக்கூடிய, ஆனால் வராமல் போன புகையை எதை வைத்து அளப்பது? இந்தத் திட்டம் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று ஒரு கதை எழுதி, அந்தக் கதையிலிருந்து நடந்ததைக் கழித்து, மிச்சத்தை கிரெடிட்டாக விற்கிறார்கள். கதையை எழுதுபவர் அதிலிருந்து பணம் பெறுபவர். அதைச் சரிபார்க்கும் தணிக்கை நிறுவனத்தை அமர்த்திக் கூலி கொடுப்பதும் அவரே.

இதை நம் ஊரிலேயே பார்க்கலாம். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் வழியில் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கும். முப்பந்தலில் தொண்ணூறுகளிலேயே அவை வர ஆரம்பித்துவிட்டன. காற்று அங்கே அப்படி. நூற்பாலைக்காரர்கள் காற்றாலை போட்டதற்கான காரணங்கள் ஊரறிந்தவை: மில்லுக்குச் சொந்த மின்சாரம் கிடைக்கும், மின்வெட்டுத் தொல்லையும் கட்டணமும் குறையும், அதோடு வருமான வரியில் முதல் ஆண்டிலேயே 80 சதவீதம் வரை தேய்மானம் காட்டலாம். வளர்ந்த நாடுகளின் புகைக்கு வரம்பு வைத்த கியோட்டோ ஒப்பந்தம் 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது, வளரும் நாடுகளில் நடக்கும் குறைப்புக்கு கிரெடிட் கொடுக்க அதன் கீழ் இருந்த தூய்மை வளர்ச்சி இயக்கமுறை வழியாக இந்தக் காற்றாலைகளுக்கும் கார்பன் கிரெடிட் வாங்க வழி பிறந்தது. தமிழ்நாட்டு நூற்பாலைகள் சங்கமே பல மில்களின் காற்றாலைகளை ஒரு கட்டாகச் சேர்த்துப் பதிவு செய்தது.

அந்தக் காலத்துத் திட்ட ஆவணங்கள் ஐ.நா.வின் இணையதளத்தில் பொதுவில் கிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பல ஆவணங்களில் முக்கியமான பகுதி ஓர் அட்டவணை. கார்பன் வருமானம் இல்லாமல் முதலீட்டுக்குக் கிடைக்கும் வருவாய் இத்தனை சதவீதம், ஒரு முதலீட்டாளர் எதிர்பார்க்கும் குறைந்தபட்ச வருவாய் இத்தனை, ஆகவே கார்பன் பணம் இல்லையென்றால் இந்தக் காற்றாலையை யாரும் போட மாட்டார்கள் என்று அது சொல்லும். கார்பன் பணத்தைச் சேர்த்ததும் வருவாய் அந்தக் குறைந்தபட்சத்தைத் தாண்டிவிடும். காற்றாலை ஆண்டு முழுவதும் சராசரியாக எத்தனை சதவீதத் திறனில் ஓடும் என்ற ஒரே எண்ணைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் போதும், மொத்த முடிவும் மாறிவிடும். நான் இதைப் பொய் என்று சொல்லவில்லை. உண்மையிலேயே கார்பன் பணத்தை நம்பி வந்த காற்றாலைகளும் இருந்திருக்கும். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டையும் பிரித்துக் காட்ட அந்த அட்டவணையால் முடியாது.

பொருளியல் ஆய்வாளர்கள் சிலர் இந்தியக் காற்றாலைகளை எடுத்து இதையே சோதித்தார்கள். கிரெடிட் வாங்கிய காற்றாலைகளை, வாங்காமலே கட்டப்பட்டவற்றோடு ஒப்பிட்டார்கள். கிரெடிட் இல்லாமல் கட்டியவற்றைவிட லாபகரமான இடங்களில் நின்றுகொண்டே கிரெடிட் வாங்கியவை எத்தனை என்று எண்ணினார்கள். வழங்கப்பட்ட கிரெடிட்டுகளில் குறைந்தது 52 சதவீதம், எப்படியும் கட்டப்பட்டிருக்கக்கூடிய திட்டங்களுக்குப் போயிருக்கிறது என்று முடிவு வந்தது. ஐரோப்பிய ஆணையத்துக்காக ஜெர்மனியின் ஓகோ நிறுவனம் 2016-இல் செய்த ஆய்வு இன்னும் கடுமையானது. அந்த இயக்கமுறையின் திட்டங்களில் 85 சதவீதத்தில் சொன்ன அளவு குறைப்பு உண்மையாக, கூடுதலாக நடந்திருக்க வாய்ப்புக் குறைவு என்றது. நம்பிக்கையோடு கை காட்டக்கூடியவை 2 சதவீதம்தான்.

காற்றாலை நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆரல்வாய்மொழியில் சுற்றும் ஒவ்வொரு இறக்கையும் நிலக்கரியை மிச்சம் பிடிக்கிறது. எப்படியும் சுற்றப்போகிற இறக்கையைக் காட்டி இன்னொருவர் ‘என் விமானப் பயணத்தின் புகை போயிற்று’ என்று சொல்லிக்கொள்வதுதான் தவறு. 2024 ஆகஸ்டில், கிரெடிட்டுகளின் தரத்தை மதிப்பிடும் சர்வதேச அமைப்பான தன்னார்வ கார்பன் சந்தை நேர்மைக் குழு, காற்றாலை போன்ற மரபுசாரா மின்சாரத் திட்டங்களுக்கு கிரெடிட் கணக்கிடப் புழக்கத்தில் இருந்த முறைகளுக்குத் தன் தர முத்திரையை மறுத்துவிட்டது. சந்தையில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமான கிரெடிட்டுகள் ஒரே நாளில் அந்த முத்திரைக்கு வெளியே போயின.

காடுகளின் கதை வேறு மாதிரி சிக்கல். டிக்கெட் பக்கங்களில் அதிகம் காட்டப்படும் படம் மரம்தான். ஒரு பகுதி, புதிதாக மரம் நடுவது. இன்னொரு பகுதி, அழியப்போகிற காட்டை அழியாமல் காப்பது. இரண்டாவதில் ‘இந்தத் திட்டம் இல்லாவிட்டால் இத்தனை ஹெக்டேர் காடு அழிந்திருக்கும்’ என்ற மதிப்பீடுதான் பணம். அந்த எண் பெரிதாக இருந்தால் கிரெடிட்டும் அதிகம். 2023-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, பெரு, கொலம்பியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, தான்சானியா, ஜாம்பியா, கம்போடியா ஆகிய ஆறு நாடுகளில் 26 திட்டப் பகுதிகளை எடுத்துக்கொண்டது. திட்டம் இல்லாத, அதே மாதிரியான காடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. இவற்றிலிருந்து 2020-க்குள் வரக்கூடிய 8.9 கோடி கிரெடிட்டுகளில் உண்மையான கூடுதல் குறைப்போடு பொருந்தியவை 54 லட்சம் மட்டுமே, அதாவது 6 சதவீதம். அதே ஆண்டு ஜனவரியில் ‘கார்டியன்’, ‘டீ ட்ஸைட்’ பத்திரிகைகளும் இன்னொரு புலனாய்வுக் குழுவும் சேர்ந்து, மழைக்காட்டு கிரெடிட்டுகளில் 90 சதவீதத்துக்கு மேல் வெறும் காகிதம் என்று எழுதின. அவற்றுக்குச் சான்று கொடுத்த வெர்ரா நிறுவனம் அந்தக் கணக்கை மறுத்தது. ஆனால் சந்தையின் நம்பிக்கை அதற்குப் பிறகு மீளவில்லை.

மரம் நடுவதிலும் காப்பதிலும் இன்னொரு அடிப்படைப் பிரச்சினை காலம். உங்கள் விமானத்தின் கார்பன் பல கோடி ஆண்டுகளாகப் பூமிக்கடியில் எண்ணெயாகப் பூட்டிக் கிடந்தது. அதை எடுத்துக் காற்றில் விட்டுவிட்டு, ஈடாக ஒரு மரத்துக்குள் வைக்கிறோம். மரம் எரியலாம், பூச்சி அரிக்கலாம், இன்னொரு அரசு வந்து வெட்ட அனுமதி கொடுக்கலாம். 2021 ஜூலையில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பற்றிய பூட்லெக் காட்டுத்தீ நான்கு லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. எரிந்ததில் மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்கள் கிரெடிட் வாங்கியிருந்த காடும் இருந்தது. தீ வரலாம் என்பதற்காகக் கலிபோர்னியா மாநில அரசின் காட்டு கிரெடிட் திட்டத்தில் ஒரு பங்கு கிரெடிட்டை விற்காமல் ஒதுக்கி வைத்திருப்பார்கள், காப்பீடு போல. நூறு ஆண்டுத் தீ அபாயத்துக்கு என்று ஒதுக்கியதில் குறைந்தது 95 சதவீதத்தை முதல் பத்தாண்டுக்குள்ளேயே தீ தின்றுவிட்டது என்று 2022-இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

விறகடுப்புத் திட்டங்களையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்க மிக நன்றாக இருப்பவை அவைதான். ஏழைக் குடும்பத்துக்குப் புகை குறைந்த அடுப்பு, பெண்களின் நுரையீரலுக்கு நல்லது, விறகும் மிச்சம். ஆனால் கணக்குப் போடும்போது புது அடுப்பு வந்ததும் பழையதை மூட்டை கட்டிப் போட்டுவிட்டார்கள் என்று எழுதுகிறார்கள். நம் வீடுகளில் காஸ் வந்து முப்பது ஆண்டு ஆனாலும் வெந்நீர் போட, நெல் அவிக்க, கறிக்குழம்பு வைக்க விறகடுப்பு கொல்லையில் இருக்கத்தான் செய்கிறது. கென்யாவிலும் கம்போடியாவிலும் உள்ள பெண்கள் மட்டும் வேறு மாதிரி சமைப்பார்களா என்ன? 2024-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது அவர்கள் எடுத்துக்கொண்ட அடுப்புத் திட்டங்கள் உண்மையைவிட 9.2 மடங்கு அதிகமாக கிரெடிட் எழுதியிருந்தன.

எல்லா வகையையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வும் 2024-இல் வந்தது. ஏறத்தாழ நூறு கோடி டன் கிரெடிட் வழங்கப்பட்ட திட்டங்களை அது எடுத்துக்கொண்டது. உண்மையான குறைப்பு 16 சதவீதத்துக்கும் கீழே. ‘எச்எஃப்சி-23’ என்ற வீரியமான வாயுவை ஆலையிலேயே அழிக்கும் திட்டங்கள் 68 சதவீதம் வரை தேறின. காடு காப்பது 25, அடுப்பு 11. காற்றாலையில் கண்டறியத்தக்க குறைப்பே இல்லை.

இதைச் சொன்னால் பலர் உடனே கேட்பது, ‘சரி, பதினாறு சதவீதமாவது நடக்கிறதே, ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு அது மேல் அல்லவா? ஆறு மடங்கு வாங்கிவிட்டால் கணக்குச் சரியாகிவிடாதா?’ ஆகாது. பதினாறு என்பது சராசரி. நீங்கள் வாங்கும் திட்டம் அறுபத்தெட்டாகவும் இருக்கலாம், பூஜ்ஜியமாகவும் இருக்கலாம். பூஜ்ஜியத்தை ஆறு மடங்கு வாங்கினாலும் பூஜ்ஜியம்தான். டிக்கெட் பக்கத்தில் உள்ள கட்டம் பல இடங்களில் எந்தத் திட்டம் என்றே தெளிவாகச் சொல்வதில்லை. அதோடு, அந்தக் கட்டத்தை டிக் செய்த மனிதர் தன் பயணம் சுத்தமாகிவிட்டது என்று நம்பி இரண்டாவது பயணத்துக்கும் டிக்கெட் எடுத்தால், அந்தப் பதினாறும் போய் நிலைமை முன்பைவிட மோசம். என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான். ஏமாற்றப்படுபவர்கள் அக்கறை இல்லாதவர்கள் அல்ல. அக்கறை இல்லாதவர் அந்தக் கட்டத்தைக் கவனிக்கவே மாட்டார். உங்களைப் போல யோசிப்பவர்களின் யோசனையைத்தான் அது எண்ணூறு ரூபாயில் முடித்து வைக்கிறது.

விமான நிறுவனங்களே இதிலிருந்து பின்வாங்க ஆரம்பித்துவிட்டன. ஈஸிஜெட் 2019 நவம்பரில் தன் எல்லாப் பயணங்களுக்கும் ஆஃப்செட் வாங்கத் தொடங்கியது. 2022-இல் அதை நிறுத்துவதாக அறிவித்து, அந்தப் பணத்தைப் புது விமானங்களிலும் எரிபொருள் சிக்கனத்திலும் போடப்போவதாகச் சொன்னது. நெதர்லாந்தில் கேஎல்எம் நிறுவனத்தின் மீது ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குப் போட்டது. மரம் நட்டும் மாற்று எரிபொருள் வாங்கியும் பயணத்தின் பாதிப்பைக் குறைக்கலாம் என்ற பாணியிலான விளம்பரங்கள் மக்களைத் தவறாக வழிநடத்துகின்றன என்று ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் 2024 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே போய்ச் சட்டமே போட்டது. ஆஃப்செட் வாங்கியதைக் காட்டி ஒரு பொருளோ சேவையோ ‘கார்பன் நடுநிலை’ என்று நுகர்வோரிடம் சொல்வதற்கு 2026 செப்டம்பர் 27 முதல் அங்கே தடை.

அரசுகள் சேர்ந்து வைத்திருக்கும் ஏற்பாடும் ஒன்று உண்டு. அதன் பெயர் கோர்சியா. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2016-இல் ஏற்றுக்கொண்டது. 2019-இல் இருந்த அளவில் 85 சதவீதத்தைத் தாண்டும் உமிழ்வுக்கு மட்டும் நிறுவனங்கள் கிரெடிட் வாங்க வேண்டும். உள்நாட்டுப் பயணம் அதில் வராது. இந்தியா 2027 முதல் சேர்கிறது. ஒரே குறைப்பை இரண்டு நாடுகள் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது என்ற விதி அதில் இருப்பது நல்லது. ஆனால் அது வாங்குவதும் கிரெடிட்டுகளைத்தான், மேலே சொன்ன நோய்கள் அங்கும் தொற்றும். மாற்று எரிபொருள்தான் நேரடித் தீர்வு. இந்தியா சர்வதேச விமானங்களில் 2027-இல் 1 சதவீதம், 2030-இல் 5 சதவீதம் கலக்க இலக்கு வைத்திருக்கிறது. 2024-இல் உலகம் முழுவதும் எரிந்த விமான எரிபொருளில் அதன் பங்கு வெறும் 0.3 சதவீதம். ஆகவே உங்கள் அடுத்த சில பயணங்களுக்கு அது உதவிக்கு வராது.

நல்ல திட்டமே கிடையாதா என்றால், உண்டு. கர்நாடகத்தின் சிக்கபல்லாப்பூர் மாவட்டத்தில் பாகேபள்ளி என்ற வறண்ட வட்டாரம் இருக்கிறது. அங்குள்ள கூலித் தொழிலாளர் சங்கம் 5,500 வீடுகளுக்குச் சாண எரிவாயுக் கலன் கட்டும் திட்டத்தை 2005-இல் பதிவு செய்தது. பணம் இல்லாத குடும்பங்கள், கலன் கட்ட எந்த வங்கியும் கடன் தராது, வரிச் சலுகையும் அவர்களுக்குப் பொருந்தாது. கார்பன் பணம் வந்தால்தான் கலன் வரும். ஆரல்வாய்மொழிக் காற்றாலையோடு இதை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இதிலும் ‘முன்பு எத்தனை விறகு எரித்தார்கள், அதில் எவ்வளவு மறுபடி வளராத மரம்’ என்ற மதிப்பீட்டில் தவறு நுழையும். ஆனால் கலன் அந்த வீட்டுக் கொல்லையில் இருக்கிறது, அது கார்பன் பணத்தால் வந்தது. ஒரு திட்டத்தைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: இந்தப் பணம் வராவிட்டால் இது நடக்காமல் போயிருக்குமா? குப்பைக் கிடங்கிலிருந்து கிளம்பும் மீத்தேனைப் பிடித்து எரிப்பது, பழைய குளிர்சாதனப் பெட்டிகளின் வாயுவை அழிப்பது போன்றவை ஓரளவு இந்தக் கேள்வியைத் தாண்டும். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் அவற்றுக்கு வேறு வருமானம் பெரிதாகக் கிடையாது, அழித்த வாயுவை மீட்டர் வைத்து அளக்கவும் முடியும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மகளைப் பார்க்கப் போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கப்பலும் ரயிலும் இல்லாத தூரம் அது. போகும்போது இரண்டு வாரம் இருப்பதற்குப் பதில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வர முடிந்தால், இரண்டு ஆண்டுக்கு இரண்டு பயணம் என்பது ஒரு பயணமாகலாம். எந்த ஆஃப்செட்டும் தராத 2.6 டன் அதில் நிச்சயமாக மிச்சம். எகானமியிலேயே போங்கள். நேரடி விமானம் கட்டுப்படியானால் அதை எடுங்கள். மேலே ஏறும்போதுதான் எரிபொருள் அதிகம் செலவாகும், நடுவில் ஒரு முறை இறங்கி ஏறினால் அது கூடும்.

கோவை, மதுரைப் பயணங்களில்தான் உங்களுக்கு உண்மையான தேர்வு இருக்கிறது. இரண்டு ஊருக்கும் வந்தே பாரத் ஆறு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. மீனம்பாக்கத்துக்கு முன்கூட்டியே போய், சோதனை வரிசையில் நின்று, அங்கே இறங்கி மறுபடி டாக்ஸி பிடிக்கும் நேரத்தையும் சேர்த்தால் வித்தியாசம் ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான். ராத்திரி ரயில் என்றால் பகல் வீணாவதே இல்லை. ரயில் நிலக்கரி மின்சாரத்தில் ஓடினாலும் ஒருவருக்கு வரும் புகை விமானத்தில் சிறு பங்கு. தவிர்க்கவே முடியாமல் பறக்க வேண்டி வந்தால், குட்டைத் தடங்களில் ஓடும் காற்றாடி வைத்த ஏடிஆர் விமானம் ஜெட்டைவிட நன்றாகவே குறைவாக எரிபொருள் குடிக்கும். பலர் அதில் ஏறத் தயங்குகிறார்கள், தேவையில்லை.

பணம் கொடுக்க மனம் இருக்கிறது, கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கொடுங்கள். ஆனால் ‘என் பயணத்தைச் சமன் செய்தேன்’ என்ற கணக்கை விட்டுவிட்டுக் கொடுங்கள். அதை விட்ட உடனே வழிகள் பல திறக்கின்றன. உங்களுக்குச் சொந்தக் கூரை இருந்தால் 3 கிலோவாட் சூரியத் தகடு போடலாம். ஒன்றிய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. சென்னை வெயிலில் ஆண்டுக்கு நாலாயிரம் யூனிட்டை ஒட்டிக் கிடைக்கும். நம் மின்சாரம் யூனிட்டுக்கு 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடு விடுவதால், வருடத்துக்கு 3 டன்னுக்கு நெருக்கமாகக் குறையும். உங்கள் இருவரின் லண்டன் பயணத்தைவிட இது கொஞ்சம் அதிகம் என்பது தற்செயல்தான். விமானம் விட்ட புகை அங்கேயேதான் இருக்கும். ஆனால் இந்த எண் உங்கள் வீட்டு மீட்டரில் தெரியும், யாருடைய கதையையும் நம்ப வேண்டியதில்லை. அடுக்குமாடி வீடு, கூரை இல்லை என்றால், நீங்கள் படித்த ஊர்ப் பள்ளிக்கோ தெரிந்த முதியோர் இல்லத்துக்கோ அதே தகடு போட ஒரு பங்கு கொடுக்கலாம். அவர்களுக்கு மாதாமாதம் மின்கட்டணம் குறைவது தனி நன்மை.

இதையெல்லாம் செய்ய நேரமில்லை, கிரெடிட்டாகவே வாங்க வேண்டும் என்றால் விமான நிறுவனத்திடம் வாங்காமல் நேராக வாங்குங்கள். ஜெர்மனியின் அட்மாஸ்ஃபேர் போன்ற அமைப்புகள் காட்டுத் திட்டங்களைத் தொடுவதே இல்லை. உயரத்தில் நடக்கும் மேக விளைவையும் கணக்கில் சேர்க்கின்றன, அதனால் தொகையும் கூடுதலாகத்தான் வரும். எங்கே வாங்கினாலும் சில விவரங்களைக் கேட்டு வாங்குங்கள்: திட்டத்தின் பெயர், அது இருக்கும் இடம், எந்த ஆண்டில் நடந்த குறைப்பு, கிரெடிட்டின் வரிசை எண். பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய குறைப்பு என்றால் விலகிவிடுங்கள், யாரும் வாங்காமல் கிடந்த சரக்கு அது. வாங்கிய கிரெடிட்டை மறுபடி விற்க முடியாதபடி பதிவேட்டில் ரத்து செய்திருக்க வேண்டும். கிரெடிட்டுக்குச் சான்று தரும் அமைப்புகளான வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்டு இரண்டின் பதிவேடுகளும் இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. பணம் கட்டிச் சில வாரம் கழித்து உங்கள் வரிசை எண்ணை அங்கே தேடிப் பாருங்கள். ரத்து செய்ததாகப் பதிவு இல்லையென்றால் விற்றவருக்கு எழுதிக் கேளுங்கள்.